விசாரணை இல்லாமல் என் அக்கா மகனைக் கொல்ல அரசுக்கு உரிமை உண்டா?

அமெரிக்கக் குடியுரிமை பெற்று அங்கேயே வாழும் வாசகர் ஒருவர், பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் ஏழு பக்கக் கடிதம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். அவருடைய அக்கா மகனுக்கு 22 வயது, அமெரிக்காவில் பிறந்தவன். போர் நடக்கும் மேற்காசிய நாடு ஒன்றில் அகதிகளுக்கு உதவப் போவதாகச் சொல்லி, கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 14 மாதங்களுக்கு முன் கிளம்பிப் போனான். தொடக்கத்தில் வாரந்தோறும் அம்மாவிடம் பேசியவன், பிறகு பேச்சைக் குறைத்து, கடைசியில் நிறுத்தியே விட்டான். ஆயுதம் ஏந்திய சிலருடன் அவன் நிற்கும் படத்தை இணையத்தில் பார்த்த உறவினர் ஒருவர் இவர்களிடம் காட்டியிருக்கிறார். அந்தக் குழு அமெரிக்க அரசின் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் இருக்கிறது. எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இரண்டு முறை வீட்டுக்கு வந்து போயிருக்கிறார்கள். நான்கு வாரங்களுக்கு முன், அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அவனுடைய அம்மாவுக்கு ஒரே ஒரு வரி வந்தது: "அம்மா, நான் திரும்பி வர வழி இருக்கிறதா?"

அல்-கொய்தாவோடு தொடர்புடைய மதபோதகரும் அமெரிக்கக் குடிமகனுமான அன்வர் அல்-அவ்லாகியை 2011இல் ஏமனில் அமெரிக்க அரசு கொன்றதைப் பற்றிப் படித்ததிலிருந்து கடிதம் எழுதியவர் உறக்கமில்லாமல் தவிப்பதாகச் சொல்கிறார். அவர் கேட்பவை இவை. குற்றச்சாட்டு வந்தவுடன் குடியுரிமை போய்விடும் என்கிறார்களே, உண்மையா? குடிமகனை வழக்கு இல்லாமல் கொல்ல நீதிமன்றமே ஒப்புதல் கொடுத்துவிட்டதா? நாங்கள் முன்கூட்டியே வழக்குப் போட்டுத் தடை வாங்க முடியாதா? அவன் திரும்பி வர நான் பணம் அனுப்பலாமா? பையனின் அப்பாவோ, "நாட்டுக்குத் துரோகம் செய்தவனுக்கு நீதிமன்றம் எதற்கு?" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஒற்றை வரியைத்தான். திரும்ப வர வழி கேட்கிற ஒருவன் இருக்கிறான் என்பது, நீங்கள் நினைப்பதைவிடச் சட்டத்தில் பெரிய விஷயம். அது ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் மனத்தில் கலந்து கிடக்கும் சில செய்திகளைப் பிரித்துவிட வேண்டும். அவற்றில் சில உங்களைத் தேவைக்கு மேல் அச்சுறுத்துகின்றன, சில உங்களுக்குப் போலியான நம்பிக்கை தருகின்றன.

குடியுரிமை பற்றி

அமெரிக்க மண்ணில் பிறந்தவரின் குடியுரிமையை அரசு தன் விருப்பப்படி பறிக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1967இல் அஃப்ரோயிம் வழக்கிலேயே முடிவு செய்துவிட்டது. தானே விட்டுவிடும் எண்ணத்துடன் ஒருவர் செயல்பட்டார் என்று காட்டினால்தான் அது போகும் என்று 1980இல் டெர்ராசஸ் வழக்கில் மேலும் தெளிவாக்கியது. அந்நிய நாட்டுப் படையில் சேர்வதைப் பற்றிய பிரிவு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது ஒரு நாட்டின் படையைப் பற்றியது, ஆயுதக் குழுவைப் பற்றியது அன்று. தேசத்துரோகத்தைக் காரணம் காட்டிக் குடியுரிமையை எடுக்க வேண்டுமானால் அதற்கு நீதிமன்றத் தண்டனை வேண்டும். ஆகவே குற்றச்சாட்டின் பேரில் உங்கள் அக்கா மகனின் குடியுரிமை போய்விடாது. அவன் செய்ததற்காக உங்களுடையதோ உங்கள் அக்காவுடையதோ போகவும் போகாது. குடியேறிப் பெற்ற குடியுரிமையை ரத்து செய்ய, அதைப் பெற்றபோது நீங்களே செய்த பொய்யோ முறைகேடோ காரணமாக இருக்க வேண்டும்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குடியுரிமை ஒரு கவசம் என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுவதும் ஓடுகிறது. அரசியல் சாசனத்தின் ஐந்தாவது திருத்தம் "குடிமகன்" என்று எழுதவில்லை. உரிய சட்ட நடைமுறை இல்லாமல் "எந்த நபரின்" உயிரும் சுதந்திரமும் சொத்தும் பறிக்கப்படக்கூடாது என்றே எழுதியிருக்கிறது. குடிமகன் வெளிநாட்டில் இருந்தாலும் அந்தப் பாதுகாப்பு அவனைத் தொடர்கிறது என்பதை 1957இல் ரீட் வழக்கு நிலைநாட்டியது. ஆனாலும், எதிரிப் படையுடன் சேர்ந்து நிற்பவன் குடிமகன் என்பதாலேயே போர்ச் சட்டத்திலிருந்து தப்பிவிட மாட்டான் என்பதை 1942இன் குவிரின் தீர்ப்பு முதல் நீதிமன்றங்கள் ஏற்றே வந்திருக்கின்றன. சண்டை நடந்துகொண்டிருக்கும் களத்தில் துப்பாக்கியுடன் எதிரே நிற்பவனைச் சுடுவதற்கு எந்த நாட்டுப் படையும் நீதிபதியின் ஆணைக்காகக் காத்திருப்பதில்லை. உங்கள் அத்தானின் கோபத்தில் உள்ள நியாயம் இந்த அளவுக்கு உண்டு, இதை மறுக்க மாட்டேன்.

"துரோகிக்கு நீதிமன்றம் எதற்கு?"

அதற்கு மேல் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. துரோகம் என்ற அந்தச் சொல்லைத்தான் அமெரிக்க அரசியல் சாசனம் மற்ற எல்லாக் குற்றங்களையும்விடக் கடுமையாகக் காவல் காக்கிறது. சாசனத்துக்குள்ளேயே இலக்கணம் எழுதி வைக்கப்பட்ட ஒரே குற்றம் அது. ஒரே வெளிப்படையான செயலுக்கு இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும், அல்லது குற்றவாளி திறந்த நீதிமன்றத்தில் தானே ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தண்டனை கிடையாது. மன்னரை எதிர்த்தவர்களையெல்லாம் துரோகி என்று சொல்லித் தலையை வாங்கிய ஆட்சியைக் கண்டவர்கள் எழுதிய வரிகள் அவை. துரோகி யார் என்று தெரிந்த பிறகு நீதிமன்றம் வேண்டாம் என்று அத்தான் சொல்கிறார். துரோகிதானா என்று எப்படித் தெரிந்தது? ஒரு படத்திலிருந்து. அந்தப் படத்தில் அவன் ஏன் நின்றான், விரும்பி நின்றானா, நிற்க வைக்கப்பட்டானா, அவன் கையில் இருந்தது என்ன என்று யாரும் இதுவரை யாரிடமும் கேட்கவில்லை. அந்தக் கேள்விகளைக் கேட்பதற்குத்தான் விசாரணை என்று பெயர்.

2004இல் யாசர் ஹம்தி வழக்கில், ஆப்கானிஸ்தான் போரில் பிடிபட்ட அமெரிக்கக் குடிமகன் ஒருவரைச் சிறையில் வைத்திருப்பதற்கே, காரணத்தை அவரிடம் சொல்லி, நடுநிலையானவர் முன் அதை மறுத்துப் பேச அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. போர் நிலை என்பது அதிபர் நிரப்பிக்கொள்ளும் வெற்றுக் காசோலை ஆகாது என்று நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் எழுதினார். அடைத்து வைக்கவே இவ்வளவு வேண்டுமென்றால், உயிரை எடுக்க எவ்வளவு வேண்டும்?

அந்தக் கேள்விக்கு அரசு தந்த பதில் எனக்கு ஒருபோதும் நிறைவளித்ததில்லை. 2012 மார்ச்சில் அப்போதைய அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர், உரிய சட்ட நடைமுறை வேறு, நீதிமன்ற நடைமுறை வேறு, சாசனம் உறுதியளிப்பது முதலாவதை மட்டுமே என்று பேசினார். நிர்வாகம் தனக்குள் ரகசியமாகக் கூடி, கவனமாக ஆலோசித்து முடிவெடுத்தால் அதுவே போதும் என்பது அதன் பொருள். குற்றம் சாட்டுபவரும் ஆதாரத்தை எடைபோடுபவரும் தண்டனையை நிறைவேற்றுபவரும் ஒரே அலுவலகத்தில் இருக்கும்போது, அந்த ஆலோசனை எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் அதை நடைமுறை என்று அழைக்க என்னால் முடியாது.

நீதிமன்றங்கள் சொன்னதும் சொல்லாததும்

நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. நடந்ததைச் சொல்கிறேன். நியூ மெக்சிகோவில் பிறந்த அவ்லாகியின் பெயர், அரசு கொல்லக் குறித்தவர்களின் பட்டியலில் இருக்கிறது என்ற செய்தி வந்ததும், அவருடைய தந்தை நாசர் அல்-அவ்லாகி 2010 ஆகஸ்டில் வாஷிங்டன் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். நீங்கள் கேட்கும் "முன்கூட்டிய தடை"யைத்தான் அவரும் கேட்டார். 2010 டிசம்பர் 7 அன்று நீதிபதி ஜான் பேட்ஸ் அதைத் தள்ளுபடி செய்தார். மகனுக்காக வழக்காடும் தகுதி தந்தைக்கு இல்லை, போரில் யாரை இலக்காக்குவது என்பது நீதிமன்றம் தொட முடியாத அரசியல் கேள்வி என்பவை அவர் சொன்ன காரணங்கள். கொல்வது சட்டப்படி சரி என்று அவர் எழுதவில்லை. வெளிநாட்டில் இருக்கும் குடிமகனின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்கிறபோது, அவனைக் கொல்ல மட்டும் நீதிமன்றமே தலையிடக்கூடாது என்பது எப்படி என்ற கேள்வியை அவரே தீர்ப்பின் தொடக்கத்தில் எழுப்பி, விடையளிக்காமல் விட்டார். 2011 செப்டம்பர் 30 அன்று அவ்லாகி ட்ரோன் தாக்குதலில் கொல்லப்பட்டார். அதே தாக்குதலில் சமீர் கான் என்ற மற்றோர் அமெரிக்கரும், இரண்டு வாரங்கள் கழித்து வேறொரு தாக்குதலில் அவ்லாகியின் 16 வயது மகனும் இறந்தார்கள்.

இறந்த பிறகு இழப்பீடு கேட்டுக் குடும்பங்கள் போட்ட வழக்கை 2014 ஏப்ரலில் நீதிபதி ரோஸ்மேரி காலியர் தள்ளினார். அதிலும் ஒரு நுட்பம் உண்டு: அவ்லாகியின் சாசன உரிமை மீறப்பட்டதாகச் சொல்லும் வாதம் ஏற்கத்தக்க அளவில் இருக்கிறது, இது நீதிமன்றம் தொடக்கூடாத கேள்வியும் ஆகாது, ஆனால் அதற்கு அதிகாரிகளிடம் இழப்பீடு பெறச் சட்டத்தில் வழி இல்லை என்றார் அவர். சிரியாவில் செய்தியாளராக இருந்த பிலால் அப்துல் கரீம் என்ற அமெரிக்கர், தானே இலக்காக இருப்பதாகச் சொல்லித் தொடுத்த வழக்கை 2018இல் இதே நீதிபதி நடக்க அனுமதித்தார். உரிய சட்ட நடைமுறை தூசி படிந்த பழைய சடங்கு ஆகாது, அது உயிருள்ளது என்று அப்போது எழுதினார். பிறகு அரசு, இது அரசு ரகசியம், இதற்கான தகவல்களை நீதிமன்றத்தில் வெளியிட முடியாது என்ற தடையை முன்வைத்தது. அந்தக் காரணத்தால் 2019இல் வழக்கு தள்ளுபடியானது. தன்னைத் தாக்கியது அமெரிக்காதான் என்று நம்பத்தக்க வகையில் அவர் காட்டவில்லை என்று 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இத்தனை வழக்குகளிலும் கதவு சாத்தப்பட்டதே தவிர, கதவுக்கு உள்ளே இருக்கும் கேள்விக்கு யாரும் தீர்ப்பு எழுதவில்லை. இது எனக்கு வேதனை தரும் நிலை. ஆனால் உங்களுக்கு ஆலோசனை சொல்லும் இடத்தில் இருக்கும்போது, நான் விரும்பும் சட்டத்தை வைத்து உங்களை வழிநடத்த முடியாது. முன்கூட்டிய தடை கோரி வழக்குப் போட்டால், பெரும்பாலும் தோற்பீர்கள். அவன் பெயர் அத்தகைய கொலைப் பட்டியல் எதிலும் இருப்பதற்கான அறிகுறி எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லாத நிலையில், அந்த வழக்கு அவனுடைய பெயரையும் படத்தையும் செய்தியாக்குவதைத் தவிர வேறொன்றையும் செய்யாது. திரும்பி வர நினைக்கிறான் என்பது அவனைச் சுற்றியிருப்பவர்களுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது

2013இல் வெளியான, அமெரிக்க அரசின் நீதி அமைச்சகத்தின் வெள்ளை அறிக்கையும், 2014இல் நீதிமன்ற உத்தரவால் வெளிவந்த 2010ஆம் ஆண்டின் சட்ட ஆலோசனைக் குறிப்பும் அரசின் அளவுகோலை ஓரளவு காட்டுகின்றன. இலக்காகும் குடிமகன் அல்-கொய்தாவிலோ அதன் கூட்டு அமைப்பிலோ நடவடிக்கைகளை நடத்தும் மூத்த தலைவராக இருக்க வேண்டும். அவரால் உடனடி அச்சுறுத்தல் இருப்பதாக உயர் அதிகாரி முடிவு செய்ய வேண்டும். அவரைப் பிடிப்பது இயலாததாக இருக்க வேண்டும். தாக்குதல் போர்ச் சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். குறிப்பிட்ட தாக்குதல் ஒன்று விரைவில் நடக்கும் என்ற தெளிவான சான்று இல்லாமலே அச்சுறுத்தலை "உடனடி" என்று கொள்ளலாம் என வெள்ளை அறிக்கை சொல்வது, அந்தச் சொல்லின் பொருளையே கரைத்துவிடுகிறது. இருந்தாலும், 22 வயதில் ஒரு குழுவின் விளிம்பில் நிற்கும் உங்கள் பையன் இந்த அளவுகோலுக்குள் வர வாய்ப்பு மிகக் குறைவு.

உங்களை அச்சுறுத்த வேண்டியது வேறொன்று. 2009க்குப் பின் போர்க்களங்களுக்கு வெளியே நான்கு அமெரிக்கர்கள் இத்தகைய நடவடிக்கைகளில் இறந்ததாக ஹோல்டர் 2013 மே மாதம் நாடாளுமன்றத்துக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். அவர்களில் குறிவைத்துக் கொல்லப்பட்டவர் அவ்லாகி ஒருவரே. மற்ற மூவரும் குறிவைக்கப்படாதவர்கள் என்றார். 2015 ஜனவரியில் நடந்த ஒரு தாக்குதலில், அல்-கொய்தாவிடம் பணயக்கைதியாக இருந்த வாரன் வைன்ஸ்டீன் என்ற அமெரிக்கரே இறந்துபோனார். பட்டியலில் பெயர் இருப்பதைவிட, பட்டியலில் இருப்பவர் ஒருவரின் பக்கத்தில் இருப்பதால் இறந்தவர்களே அதிகம். உங்கள் பையன் அந்த இடத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொரு நாளும் முக்கியமாவது இதனால்தான்.

திரும்பி வரும் வழி

முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். "பிடிப்பது இயலாது" என்ற நிபந்தனைதான் குடும்பத்தால் மாற்றக்கூடிய ஒரே நிபந்தனை. அமைதியாகச் சரணடைய முன்வருபவரைக் கொல்லப் போர்ச் சட்டமும் உள்நாட்டுச் சட்டமும் தடை விதிக்கின்றன என்பதை அவ்லாகி வழக்கிலேயே நீதிபதி பேட்ஸ் பதிவு செய்தார். அரசும் அதை ஏற்றுக்கொண்டது. ஆயுதத்தைக் கீழே வைத்தவரைத் தாக்கக்கூடாது என்பது 1949இன் ஜெனீவா ஒப்பந்தங்களின் பொதுப் பிரிவு மூன்றிலேயே இருக்கிறது. டெக்சாஸில் பிறந்த முஹனத் அல் ஃபரேக் என்பவரைக் கொல்லலாமா என்று அரசுக்குள்ளேயே விவாதம் நடந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. 2014இல் அவர் பாகிஸ்தானில் பிடிபட்டார். புரூக்ளினில் விசாரணை நடந்தது. 2018இல் 45 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பிடிக்க முடியும் என்று ஆனவுடன் அவருக்கு நீதிபதி, வழக்கறிஞர், ஜூரி எல்லாம் கிடைத்தன.

தண்டனையின் அளவைக் கவனித்திருப்பீர்கள். அவன் உயிருடன் திரும்பினாலும் சிறை பெரும்பாலும் உறுதி. தடை செய்யப்பட்ட அமைப்புக்கு உதவிய குற்றத்துக்கே 20 ஆண்டுகள் வரை உண்டு. தானே வந்து சேர்ந்தது, யாரையும் கொல்லாதது, ஒத்துழைத்தது எல்லாம் தண்டனையைக் குறைக்க உதவும், முழுமையாக அழிக்காது. இதை அக்காவிடமிருந்து மறைக்காதீர்கள்.

பணம் அனுப்புவதைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்களாக அனுப்பவே வேண்டாம். டிக்கெட்டுக்கென்று அனுப்பும் தொகை இடைத்தரகர் வழியாகக் குழுவின் கைக்குப் போனால், குற்றவாளிக் கூண்டில் நீங்களும் நிற்பீர்கள். இந்தச் சட்டம் எவ்வளவு அகலமானது என்பது தமிழர்கள் பலருக்கு நினைவிருக்கும்: விடுதலைப் புலிகளின் அமைதியான, சட்டபூர்வமான பணிகளுக்கு மட்டும் உதவ அனுமதி கேட்டு அமெரிக்கத் தமிழ் அமைப்புகளும் சேர்ந்து போராடிய வழக்கில், 2010 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் அதற்கும் இடமில்லை என்று தீர்ப்பளித்தது. நல்ல நோக்கம் பாதுகாப்பாகாது.

எஃப்.பி.ஐ. மீண்டும் வந்தால், வழக்கறிஞர் இல்லாமல் பேச மாட்டோம் என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பேச மறுக்கலாம்; பொய் சொல்லக்கூடாது. பயங்கரவாத விசாரணையில் பொய் சொன்னால் எட்டு ஆண்டுகள் வரை சிறை உண்டு. அந்த ஒற்றை வரிச் செய்தியை யாரும் அழித்துவிட வேண்டாம். சான்றை அழிப்பது தனிக் குற்றம் என்பது ஒருபுறமிருக்க, தானாகவே திரும்ப நினைத்தான் என்பதற்கு அவனிடம் உள்ள ஒரே சான்றும் அதுதான். தாயும் மகனும் பேசிக்கொள்வதற்கு ஃபெடரல் நீதிமன்றங்கள் பொதுவாக ரகசியப் பாதுகாப்புத் தருவதில்லை என்பதையும் அக்கா அறிந்திருக்கட்டும்.

அடுத்த சில நாட்களுக்குள், தேசப் பாதுகாப்பு வழக்குகளை நடத்திய அனுபவமுள்ள குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரைப் பையனுக்காகவும், வேறொருவரைக் குடும்பத்துக்காகவும் அமர்த்துங்கள். இருவரின் நலனும் எப்போதும் ஒன்றாக இருக்காது. பையனின் வழக்கறிஞர் ஃபெடரல் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துடன் எழுத்தில் தொடர்புகொள்ளட்டும். எந்த நாட்டில், எந்தத் தூதரகத்தில், எந்த வழியாக அவன் வந்து சேரலாம் என்ற ஏற்பாடு அங்கேதான் உருவாகும். வீட்டுக்கு வரும் அதிகாரி வாய்மொழியாகத் தரும் உறுதிமொழி, அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும், அரசு வழக்கறிஞரைக் கட்டுப்படுத்தாது. அந்தக் கடிதப் போக்குவரத்து தொடங்கிய நாளிலிருந்து, இவன் சரணடைய வழி கேட்கிறான் என்பது அரசின் கோப்பிலேயே இருக்கும்; பிடிக்க முடியாதவன் என்று பிறகு எவரும் எளிதில் எழுதிவிட முடியாது.

அக்கா தன் மகனுக்கு அனுப்பும் பதிலை வழக்கறிஞர் பார்த்த பிறகே அனுப்பச் சொல்லுங்கள். அதில் ஊர்ப் பெயர், பாதை, தேதி எதுவும் வேண்டாம். வழி இருக்கிறது, உனக்காகப் பேச ஒருவர் இருக்கிறார், அம்மா காத்திருக்கிறேன் என்ற அளவு போதும். முடிந்தால் அதில் அப்பாவின் பெயரும் இருக்கட்டும். அறைக் கதவைத் தட்டி அத்தானிடம் அதைக் கேட்க உங்களைவிடப் பொருத்தமானவர் அந்த வீட்டில் இல்லை.